ஆராய்ச்சி மணி

ஆராய்ச்சி மணி என்னும் தொடரைத் தமிழ்ப் பிள்ளைகள் சிறுவயதிலேயே கேட்டு விடுகின்றார்கள். கன்றை இழந்த பசு அரண்மனை வாயிலுக்குச் சென்று மணியை அசைத்ததும், மன்னன் தன் மகனென்றும் பாராது முறை செய்ததும் திருவாரூர்க் கதையாக வழங்குகின்றன. அநுராதபுரத்திலிருந்து ஆண்ட எல்லாளனைப் பற்றியும் இத்தகைய கதையொன்றை மகாவம்சம் கூறுகின்றது. அத்தொடரில் ஆராய்ச்சி என்பதற்கு முறை கேட்டு விசாரித்தல் என்பதே பொருள். இக்காலத்தில் அதே சொல் விஞ்ஞானிகளின் தொழிலைக் குறிக்கின்றது. சொல் இடம் மாறியபோது மணி மாத்திரம் பின்னே தங்கிவிட்டது போலும் என்று நாம் சிலவேளைகளில் எண்ணுவதுண்டு. ஏனெனில், ஆய்வுகூடங்களில் மிகுதியாகப் பயன்படும் முலையூட்டிகளாகிய சுண்டெலிக்கும் எலிக்கும் அசைப்பதற்கு ஒரு மணி நெடுங்காலம் இருக்கவில்லை.

எமது கல்லூரியில் உயர்தர வகுப்பு மாணவர்க்கு நாம் உயிரியல் கற்பித்து வருகின்றோம். சென்ற தவணையில் ஒருநாள், மருந்துகள் மனிதர்க்குக் கொடுக்கப்படுமுன் எவ்வாறு சோதிக்கப்படுகின்றன என்று சொல்ல நேர்ந்தது. நல்ல ஆய்வுகூடங்களில் இப்பொழுது சுண்டெலிகளுக்குக் கூடு கட்டுவதற்குப் பஞ்சும் கடதாசிக் கீற்றும் கொடுக்கின்றார்கள் என்றோம். பின்வாங்கிலிருந்து ஒருவன் எழுந்தான்.

"கொல்லப்போற எலிக்குக் கூடு எதுக்கு, சேர்?"

வகுப்புச் சிரித்தது. அவன் குறும்புக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவனுக்கு அது விளங்கவில்லை. முன்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி மாத்திரம் சிரிக்கவில்லை. பாடம் முடிந்தபின் அவள் தனியே வந்தாள். "மெடிசின் படிக்கப் போனால் நானும் எலியைப் பிடிக்கவேணுமோ, சேர்?" என்று கேட்டாள். ஆம் என்றால் அவள் வேறு துறையை நாடிவிடுவாள் என்பது முகத்திலே தெரிந்தது. வகுப்பின் முதல் மூவருள் ஒருத்தி அவள். இருவரிடமும் ஒரு வாரம் தவணை கேட்டோம். நாம் தேடிக்கொண்ட விடையை இங்கே வாசகர்களோடும் பகிர்ந்துகொள்ளுகின்றோம்.

விடையைக் கடனிலிருந்து தொடங்குவதே நேர்மை. 1940ஆம் ஆண்டு மே மாதம் 25ஆந் திகதி, ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தில் ஹவார்ட் புளோரி என்பாரின் குழுவினர் எட்டுச் சுண்டெலிகளின் உடலில் உயிர்கொல்லும் அளவுக்கு நோய்க்கிருமியைச் செலுத்தினர். அவற்றுள் நான்குக்கு மாத்திரம் பெனிசிலின் கொடுத்தனர். நோர்மன் ஹீட்லி என்ற விஞ்ஞானி நள்ளிரவு கடந்தும் விழித்திருந்து பார்த்தார். பொழுது விடியுமுன் மருந்து பெறாத நான்கும் மாண்டன. மருந்து பெற்ற நான்கும் உயிரோடிருந்தன. உலகத்து நோயாளர்க்குப் பெனிசிலின் வந்த வழி அந்த எட்டுப் பிராணிகளின் மீது நடந்து வந்த வழியாகும்.

அவ்வழியில் எமது வீடும் உண்டு. 1995ஆம் ஆண்டு ஐப்பசி இறுதியில் வலிகாமத்து மக்கள் மழையில் நனைந்தபடி தென்மராட்சிக்கு நடந்தபோது நாமும் நடந்தோம். பாடசாலை மண்டபமொன்றில், சீமேந்து நிலத்தில், எமது தம்பிக்கு நியுமோனியாக் காய்ச்சல் கண்டது. மருந்து அரிதாயிருந்த அந்நாட்களில் ஒரு வைத்தியர் எங்கிருந்தோ பெனிசிலின் ஊசிமருந்தைத் தேடிக் கொணர்ந்தார். தம்பி பிழைத்தான். இன்று அவனுக்கு இரண்டு பிள்ளைகள். ஆகவே எலிமீது பரிசோதனை செய்வது முற்றிலும் தீது என்று சொல்லும் உரிமை எமக்கு இல்லை. ஆயினும் இதனைக் கடன் என்று சொல்வதும் முழுவதும் பொருந்தாது. கடன் கொடுத்தவன் மனமுவந்து கொடுக்கின்றான். எலி கொடுக்கவில்லை, நாம் எடுத்துக்கொண்டோம். எடுத்துக்கொண்டவனுக்குப் பொறுப்பு இன்னும் அதிகம்.

இப்பொறுப்பினை முறையாகச் சிந்தித்த நூலொன்று 1959ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே வெளிவந்தது. வில்லியம் றஸ்ஸல் என்ற விலங்கியலாளரும் றெக்ஸ் பேர்ச் என்ற நுண்ணுயிரியலாளரும் மனிதாபிமானமுள்ள பரிசோதனை முறையின் தத்துவங்களைப் பற்றி அதனை எழுதினர். அவர்கள் கூறிய கடமைகள் மூன்று. உயிருள்ள பிராணிக்குப் பதிலாக வேறொன்றைப் பயன்படுத்த இயலுமாயின் அதனையே பயன்படுத்துக, இது பதிலீடு. பிராணி தவிர்க்க முடியாததாயின், வேண்டிய தொகைக்கு மேல் ஒன்றையும் எடாதே, இது குறைப்பு. எடுத்த பிராணிக்கு நேரும் துன்பத்தை இயன்ற மட்டும் நீக்குக, இது செம்மைப்படுத்தல். 2010ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் பிறப்பித்த பணிப்புரையில் இம்மூன்றும் சட்டத்தின் அத்திவாரமாக அமைந்தன. எம் மாணவன் கேட்ட கூடு இவற்றுள் மூன்றாவது கடமையைச் சேர்ந்தது.

செம்மைப்படுத்தல் என்றவுடன் விலையுயர்ந்த கருவிகளை எண்ணவேண்டியதில்லை. அதன் தொடக்கம் மனிதனுடைய கையில் உள்ளது. சுண்டெலியைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு, வாலின் அடிப்புறத்தைப் பிடித்துத் தூக்குவதே ஆய்வுகூடங்களில் வழிவழியாக இருந்த வழக்கம். எளிது, விரைவானது, கடிபடும் அச்சமும் குறைவு. அதில் எலிக்குக் காயம் ஏதும் உண்டாவதாகத் தெரியாமையால் ஒருவரும் அதனைப் பெரிதாக எண்ணவில்லை.

2010ஆம் ஆண்டில் லிவர்ப்பூல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேன் ஹேர்ஸ்ற், றெபெக்கா வெஸ்ற் என்னும் இரு பெண்மணிகள் இவ்வழக்கத்தைச் சோதித்தனர். சில சுண்டெலிகளை வாலிற் பிடித்துத் தூக்கினர். சிலவற்றைக் கைகள் இரண்டையும் குவித்து, தண்ணீர் அள்ளுவது போல அள்ளினர். சிலவற்றை ஒளிபுகும் குழாயொன்றினுள் நுழையவிட்டுக் குழாயோடு எடுத்தனர். பின்னர் கையைப் பெட்டிக்குள் அசையாது வைத்துப் பார்த்தபோது, வாலிற் பிடிபட்டவை கையை விட்டு விலகின. மற்றவை தாமாகவே வந்து மோந்து பார்த்தன. நாற்புறமும் நீளும் உயர்ந்த பாதையொன்றில் விட்டு அச்சத்தை அளப்பது ஒரு சோதனை. அதன் இரண்டு கிளைகளுக்குச் சுவர் உண்டு. இரண்டு திறந்த வெளி. வாலிற் பிடிபட்ட சுண்டெலிகள் சுவருக்குள்ளேயே பதுங்கின. ஏனையவை திறந்த கிளைகளுக்கும் துணிந்து சென்றன. பிராணியும் ஒன்றே, உணவும் ஒன்றே. எடுத்த விதம் மாத்திரமே வேறு.

எம்மிடம் படித்த மாணவர் ஒருவர் கடல்கடந்த நாடொன்றில் ஆய்வுகூடப் பிராணிகளைப் பராமரிக்கும் பணியில் இருக்கின்றார். வகுப்பில் எழுந்த வினாவை அவருக்கு எழுதினோம். அவர் விரிவாகப் பதில் எழுதியிருந்தார். குழாய் முறைக்கு மாறிய முதல் வாரத்தில் நேரம் விரயமாவது போலத் தோன்றியதாம். பின்னர் வாலைத் துரத்திப் பிடிக்கும் நேரம் மிச்சமாயிற்றாம். "இப்போது குழாயை உள்ளே வைத்தால் அவையாகவே ஏறிக்கொள்ளுகின்றன, சேர். பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்களைப் போல இருக்கும்" என்று எழுதியிருந்தார். இன்னுமொன்றையும் குறிப்பிட்டிருந்தார். பெட்டியைத் துப்புரவாக்கும்போது பழைய கூட்டுப் பஞ்சில் ஒரு பகுதியைப் புதிய பெட்டிக்கும் மாற்றுவார்களாம். தம்முடைய மணம் அதில் இருப்பதால் ஆண் சுண்டெலிகளிடையே சண்டை குறைகின்றது. ஒருமுறை வீட்டை விட்டு வெளியேறி நடந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. தென்மராட்சிக்கு நடந்த நாளில் எமது பாட்டியார் ஒரு பழைய தலையணையை மாத்திரம் விடாது சுமந்து வந்தார்.

இனிக் கூட்டைப் பார்ப்போம். ஆய்வுகூடங்களின் வெப்பநிலை பெரும்பாலும் 20 முதல் 24 பாகை செல்சியஸ் வரையில் இருக்கும். அங்கிச் சட்டை அணிந்து நின்று வேலை செய்யும் மனிதனுக்கு அது இதமானது. சுண்டெலியோ, ஓய்ந்திருக்கும் வேளையில் ஏறத்தாழ 30 பாகையை நாடும் பிராணி. எமது ஊர்ப் பகல் வெப்பமே அதற்கு உவப்பானது. ஆகவே வெறும் மரத்தூளின் மேல் விடப்பட்ட ஆய்வுகூடச் சுண்டெலி வாழ்நாள் முழுவதும் சற்றுக் குளிரிலேயே வாழ்கின்றது. உண்பதில் ஒரு பங்கை உடலைச் சூடாக்குவதற்கே செலவிடுகின்றது. அறை முழுவதையும் சூடாக்கினால் பராமரிப்பவர்கள் வருந்துவர். எட்டு முதல் பத்துக் கிராம் வரை கடதாசிக் கீற்றுக் கொடுத்தால், சுண்டெலி அதனைக் கடித்து நாராக்கிக் கிண்ணம் போலவும் குடை போலவும் கூடு கட்டித் தனக்கு வேண்டிய சூட்டைத் தானே அமைத்துக்கொள்ளுகின்றது. ஒரு கைப்பிடிக் கடதாசியின் பெறுமதி எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டுக்கொள்ளும்படி எம் மாணவனுக்குச் சொன்னோம்.

மணியின் கதைக்கு வருவோம். மனிதனுடைய செவி செக்கனுக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையிலேயே கேட்கும். வளர்ந்த எலி அச்சமும் துன்பமும் கொள்ளும்போது எழுப்பும் நீண்ட ஓலம் 22,000 அதிர்வுகளை ஒட்டியது. எமது செவியின் எல்லைக்குச் சற்றே அப்பால்! எலி மணியை அசைத்துக்கொண்டுதான் இருந்தது. அரண்மனைக்குள் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை.

அதன் மகிழ்ச்சியும் அவ்வாறே கேளாதிருந்தது. எஸ்தோனியாவிற் பிறந்து அமெரிக்காவிலே பணிபுரிந்த யாக் பாங்செப் என்ற அறிஞர், 1990களின் பிற்பகுதியில், இளம் எலிகளைப் பிடரியிலும் வயிற்றிலும் விரல்களாற் கிச்சுக்கிச்சு மூட்டினார். நுண்ணொலி கேட்கும் கருவியில் 50,000 அதிர்வுகளை ஒட்டிய கீச்சொலிகள் மழைபோல விழுந்தன. கையை எடுத்தால் எலிகள் கையின் பின்னே ஓடின. அதனைச் சிரிப்பு என்று அழைக்கலாமா என்பதில் அறிஞர்கள் வேறுபடலாம். அவ்வெலிகள் அக்கையை விரும்பின என்பதில் ஐயமில்லை. இன்று சில ஆய்வுகூடங்களில் எலிகளை மனிதர் கைக்குப் பழக்குவதற்கு இவ்விளையாட்டு ஒரு முறையாகவே கற்பிக்கப்படுகின்றது.

ஒலி கேட்காத இடத்தில் முகத்தைப் பார்க்கலாம். 2010ஆம் ஆண்டிலே கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஜெவ்றி மோகில் என்பாரின் குழுவினர் சுண்டெலியின் முகத்தில் வலியை வாசிக்க ஓர் அளவுகோல் வகுத்தனர். கண் சுருங்குதல், மூக்குப் புடைத்தல், கன்னம் புடைத்தல், காது பின்வாங்குதல், மீசைமயிர் நிலைமாறுதல் ஆகிய ஐந்து குறிகள். ஒவ்வொன்றுக்கும் சுழியம் முதல் இரண்டு வரை புள்ளி. பரீட்சைத் தாள் திருத்துபவன் போலப் பராமரிப்பவர் அப்புள்ளிகளைக் கூட்டி, இந்தப் பிராணிக்கு வலிநீக்கி மருந்து வேண்டும் என்று தீர்மானிக்கலாம். எலியின் சார்பில் மனிதனே அசைக்கும் மணி இது.

இத்தனையும் சொல்லியபின்பும் எம் மாணவனின் வினா எஞ்சி நிற்கின்றது. முடிவிற் கொல்லப்படும் பிராணிக்கு இவையெல்லாம் எதற்கு?

அவனுக்கு நாம் முதலிற் சொன்ன விடை விஞ்ஞானத்தின் விடை. அஞ்சி நடுங்கும் பிராணி பொய்ச்சாட்சி சொல்லும். 2014ஆம் ஆண்டில் மேற்சொன்ன மக்கில் குழுவினர் ஒரு வியப்பைக் கண்டனர். ஆண் ஒருவர் அருகில் இருந்தாலே, ஏன், ஆண் அணிந்த சட்டையொன்றை அருகில் வைத்தாலே, எலிகளிடத்து மனவழுத்தம் ஏறியது. அதனால் அவற்றின் வலியுணர்ச்சி தற்காலிகமாக அடங்கியது. அவ்வேளையில் வலிநீக்கி மருந்தொன்றைச் சோதிப்பவன் எதனை அளந்தவன் ஆவான்?

இதனிலும் பழையது 1963ஆம் ஆண்டின் சோதனை. அது ஆசிரியராகிய எம்மை நெடுநாள் உறங்கவிடாதது. அமெரிக்க உளவியலாளர் றொபேட் றொசென்தால் தம் சகபாடி ஒருவரோடு சேர்ந்து பன்னிரண்டு மாணவர்க்கு ஆளுக்கு ஐந்து எலிகள் கொடுத்தார். பாதிப் பேரிடம், "இவை கூர்மதியுள்ள இனம்" என்றார். மறுபாதியினரிடம், "இவை மந்தமான இனம்" என்றார். உண்மையில் எல்லாம் ஒரே இன எலிகள். ஐந்து நாட் பயிற்சியில், கூர்மதியுள்ளவை என்று பெயர் பெற்றவையே வழியைச் சிறப்பாகக் கற்றன. விசாரித்தபோது, அந்த எலிகளைத் தாம் மென்மையாகவும் அடிக்கடியும் கையாண்டதாக மாணவர்களே கூறினர். எண்ணம் கைக்கு இறங்கிற்று. கையிலிருந்து எலிக்கு இறங்கிற்று. பின்னர் 1968இல் இதே கருத்தைப் பள்ளிப் பிள்ளைகளிடத்தும் அவர் எடுத்துக்காட்ட முயன்றார். அம்முடிவின் அளவைப் பற்றி அறிஞரிடையே வாதம் ஓய்ந்தபாடில்லை. ஆயினும் வகுப்பறைக்குள் நுழையும்போதெல்லாம் எமக்கு அந்த எலிகளின் நினைவு வருகின்றது.

மாணவன் தலையசைத்தான். விஞ்ஞானத்தின் விடை அவனுக்குப் போதுமானதாயிற்று. எமக்குப் போதவில்லை. சோதனையின் முடிவு செம்மையாவதற்காகவே எலிக்கு இதம் வேண்டுமென்றால், முடிவு கெடாத இடத்தில் எலியை எவ்வாறும் நடத்தலாம் என்று ஆகிவிடும் அல்லவா? கூடு கட்டிய இரவின் சூடு அவ்விரவில் உண்மையானது. மறுவாரம் நிகழப்போகும் மரணம் அதனைப் பின்னோக்கி வந்து அழிப்பதில்லை. முடிவுள்ள வாழ்வு என்பது எலிக்கு மாத்திரம் உரியதுமன்று. வைத்தியர் கைவிட்ட நோயாளிக்கு நாம் தலையணையைச் சரிசெய்யாமலா விடுகின்றோம்? இது அவனுக்கு நாம் சொன்ன இரண்டாவது விடை. அதற்கு அவன் தலையசைக்கவில்லை, யோசித்துக்கொண்டு போனான். தலையசைத்ததைக் காட்டிலும் அது எமக்கு மகிழ்ச்சி தந்தது.

மாணவிக்குச் சொல்லவேண்டியது கடினமாயிருந்தது. செம்மைப்படுத்தல் கொலையை இல்லாதாக்கி விடுமென்று நாம் அவளுக்குச் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய். றஸ்ஸலும் பேர்ச்சும் பதிலீட்டையே முதலில் வைத்தார்கள் என்பதையும், கலங்களை வளர்த்தும் கணினியைக் கொண்டும் எலியைத் தவிர்க்கும் வழிகள் பெருகி வருகின்றன என்பதையும், ஆயினும் இன்னும் பல மருந்துகள் எலியைக் கடந்தே வருகின்றன என்பதையும் ஒளிக்காது சொன்னோம். கற்கும் இடத்தைப் பொறுத்து அவள் எலியைத் தொட நேரலாம், நேராதும் விடலாம் என்றோம். பின்பு ஒன்று கேட்டோம்: "நடுங்கும் கையுடையவர்கள் எல்லாரும் வெளியே போய்விட்டால், அந்தப் பிராணிகள் யாருடைய கையில் மிஞ்சும், பிள்ளை?"

அவள் மறுமொழி சொல்லவில்லை. எத்துறையைத் தெரிவாள் என்பதை நாம் அறியோம். அது அவளுடைய உரிமை. ஆனால் வாலிற் பிடிக்கும் வழக்கத்தை ஐயுற்றவர்களும், எலியின் முகத்தில் வலியை வாசித்தவர்களும் ஆய்வுகூடத்துக்கு வெளியே நின்று கண்டித்தவர்கள் அல்லர். உள்ளே நின்று, மனம் பொறாமல், மனம் பொறாததையே ஆராய்ச்சியின் பொருளாக்கியவர்கள் அவர்கள். இரக்கமுள்ளவர்க்கு விஞ்ஞானத்தில் இடமில்லை என்று எம் பிள்ளைகள் எண்ணிக்கொண்டு வளர்வார்களாயின், அதனால் வரும் நட்டம் எலிகளோடு நிற்காது.

ஆய்வுகூடம் எல்லார்க்கும் வாய்ப்பதன்று. கை எல்லார்க்கும் உண்டு. எம்மவர் வீடுகளில் முயல் வளர்க்கும் பிள்ளைகள் அதனைக் காதிற் பிடித்துத் தூக்குவதைக் காண்கின்றோம். ஒரு கையை மார்பின் கீழும் மறுகையைப் பின்கால்களின் கீழும் கொடுத்து, உடலோடு அணைத்தெடுக்க வேண்டும் என்று பெற்றோர் ஒருமுறை காட்டிக்கொடுத்தாற் போதும். சந்தைக்குக் கொண்டுபோகும் கோழிகளைக் காலிற் கட்டித் தலைகீழாகச் சைக்கிளில் தொங்கவிடுவதும் எமது வீதிகளில் வழக்கம். அக்கோழியும் கொல்லப்படப் போவதுதான். ஒரு பழைய கடகத்துக்குள் வைத்து வாயைச் சாக்கினால் மூடினால் அது நிமிர்ந்திருந்து போய்ச்சேரும். கடகம் அநேகமாக எல்லா வீட்டிலும் கிடக்கின்றது.